முன்சீட்டில் அப்பா

எங்கள் காலனியில் இருந்து தார்ச்சாலைக்குப் போக ஒரே பாதைதான். காலனியின் கடைசி வீட்டில் கிளம்பி, ஊரணிக்கரையைத் தொட்டு, மந்தையில் திரும்பி, ஊர்த் தெருவின் நடுவே போய், பேருந்து நிறுத்தத்தில் முடியும். மொத்தம் ஒன்றரை கிலோமீட்டர். அதில் ஊர்த் தெரு மட்டும் 300 மீட்டர் இருக்கும். மதுரை மாவட்டத்தில் இப்படிப் பாதை அமைந்த ஊர்கள் பல உண்டு. படிக்கிற உங்களில் பலருக்கும் இது தெரிந்த பாதையாகவே இருக்கும்.

அப்பா 1986இல் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். மந்தை முக்கு வந்ததும் இறங்கிவிடுவார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்வார். 300 மீட்டரும் தள்ளிக்கொண்டே போய், கடைசி வீட்டைத் தாண்டியதும் ஏறுவார். பிற்காலத்தில் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன நாங்களும் அவரோடு இறங்கி நடப்போம். ஏன் என்று கேட்டால், "செயின் கழன்றிரும்ப்பா" என்பார். மந்தை முக்கில் மட்டும் ஏன் செயின் கழல்கிறது என்பது ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

இப்போது எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு கார் நிற்கிறது. 2012ஆம் ஆண்டு மாடல், சிவப்பு நிற மாருதி ஸ்விஃப்ட், டீசல் வண்டி. அதை வாங்கியது, ஓட்டப் பழகியது, அதனால் பட்டது எல்லாவற்றையும் இந்த வாரம் எழுதுகிறோம். காலனிகளில் இன்று பல வீடுகளில் பைக் வந்துவிட்டது. சில வீடுகளுக்குக் காரும் வரத் தொடங்கியிருக்கிறது. வண்டி மேல் ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு எங்கள் அனுபவம் உதவும் என்று நினைக்கிறோம்.

கார் வாங்கும் எண்ணம் ஆடம்பரத்தில் வரவில்லை. ராத்திரியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், ஊரில் இருந்து வாடகை வண்டி காலனிக்குள் வராது. "விடியட்டும்" என்பார்கள். அல்லது, "மந்தைக்குத் தூக்கிட்டு வாங்க, ஏத்திக்கிறோம்" என்பார்கள். அப்படி வந்தாலும் இரட்டை வாடகை. ஒருமுறை பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, கயிற்றுக் கட்டிலில் வைத்து மந்தை வரை தூக்கிக்கொண்டு போனோம். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். ஆனால், அந்தக் கட்டிலைத் தூக்கிய நான்கு பேரில் எங்களில் மூத்தவனும் ஒருவன். அவன் அப்போது ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு ஷிப்டில் எத்தனையோ கார்களுக்கான பாகங்கள் அவன் கை வழியாகப் போகும். "அத்தன காருக்கு வேல பாக்குறேன். நம்ம தெருவுக்கு ஒரு காரு வர மாட்டேங்குதே" என்று அன்று சொன்னான்.

எட்டு வருடச் சேமிப்பு, அம்மாவின் சீட்டுப் பணம், தங்கையின் இரண்டு வளையல்களை அடகு வைத்த பணம் எல்லாம் சேர்த்து, 2021இல் இந்த வண்டியை ரூ.3,10,000 கொடுத்து இரண்டாம் கையாக வாங்கினோம். கடனுக்கும் முயற்சி செய்தோம். கடன் தரும் ஓர் இடத்தில் எல்லாக் காகிதங்களையும் வாங்கிப் பார்த்தார்கள். முகவரியில் 'காலனி' என்று இருந்ததைக் கண்டதும், "அந்தப் பக்கமெல்லாம் வசூலுக்கு ஆள் அனுப்ப முடியாது தம்பி" என்றார்கள். அன்று கோபம் வந்தது. கடன் இல்லாமல் வாங்கியது பின்னால் நல்லதாகவே முடிந்தது.

ஏன் ஸ்விஃப்ட்? முதல் காரணம், ஆசை. அதை மறைக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டு மே மாதம் இந்தியாவில் இந்த வண்டி வந்தபோது நாங்கள் பள்ளி மாணவர்கள். அதுவரை சின்ன கார் என்றால் பெட்டி மாதிரி இருக்கும். இது உருண்டு திரண்டு, பாயத் தயாரான காளை மாதிரி நின்றது. பின்பக்கம் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டு இருக்காது. பின்கதவைக் கண்ணாடியோடு சேர்த்து மேலே தூக்க வேண்டும். இந்த அமைப்பைத்தான் ஹேட்ச்பேக் என்கிறார்கள். நீளம் நான்கு மீட்டருக்குள் இருப்பதால் வரி குறைவு, சின்னத் தெருவிலும் திருப்பலாம். எந்தச் சிறு நகரத்திலும் உதிரிபாகம் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். இவை இரண்டாவது காரணங்கள்.

எங்கள் வண்டியின் இன்ஜின் 1248 சிசி. 75 குதிரைத்திறன். எண்ணிக்கையில் இது பெரிதல்ல. ஆனால், வண்டியின் எடை சுமார் ஒரு டன்தான். அதனால்தான் பாய்ச்சல். டீசல் ஸ்விஃப்ட் ஓட்டியவர்களுக்குத் தெரியும், இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்றைத் தொடும் வரை வண்டி சோம்பேறியாக நகரும். அதைத் தாண்டியதும் டர்போ வேலை செய்ய ஆரம்பிக்கும். யாரோ பின்னால் இருந்து பிடித்துத் தள்ளுவது போல முதுகு சீட்டில் ஒட்டும். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே மூக்கு திரும்பும். வளைவில் ஆட்டம் குறைவு. விடியற்காலையில் நான்குவழிச் சாலையில், ஐந்தாவது கியரில், யாருக்கும் ஒதுங்காமல், யாரையும் ஒதுக்காமல் போகிற சுகம் இருக்கிறதே, அது எங்களுக்குப் புதிது. அழகர்மலை இடதுபக்கம் நீலமாகக் கூடவே வரும். சொந்த வண்டியில் போகும்போதுதான் அந்த மலை இவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

குறையும் உண்டு. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். டிக்கியில் இரண்டு மூட்டைக்கு மேல் வைக்க முடியாது. பின் ஜன்னல் உயரமாக இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு வெளியே தெரியாது. டயர் மாற்ற, ஆயில் மாற்ற, இன்சூரன்ஸ் கட்ட என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். முதல் வருடம் கிளட்ச் பிளேட் தேய்ந்து போனது. ஊர்த் தெருவில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்ததுதான் காரணம் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். பாயச் செய்த வண்டியை நாங்கள் நடை வேகத்தில் ஓட்டியிருக்கிறோம்.

கார் வந்த முதல் நாளைச் சொல்ல வேண்டும். அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்துக் கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பினோம். மந்தை முக்கு வந்தது. அப்பா கதவைத் தடவிக் கைப்பிடியைத் தேடினார். "நிப்பாட்டு தம்பி, நான் நடந்து வந்துர்றேன்" என்றார். நாங்கள் எவ்வளவோ சொன்னோம். "இப்பல்லாம் யாரும் இறங்கச் சொல்றதில்லப்பா." அவர் சொன்னார்: "யாரும் சொல்லலப்பா. எனக்கு ஒட்ட மாட்டேங்குது." இறங்கி நடந்தார். செருப்பு காலில்தான் இருந்தது. நாங்கள் காரில் அவருக்குப் பின்னால் ஊர்ந்து போனோம்.

கண்ணாடியை ஏற்றிவிடுவதா, இறக்கி வைப்பதா என்று எங்களுக்குள் குழப்பம். ஏற்றினால் திமிர் என்பார்கள். இறக்கினால் ஏதாவது பேச்சு காதில் விழும், பதில் சொல்லத் தோன்றும். டீக்கடை முன்னால் இருவர் பாதைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஹார்ன் அடிக்கவில்லை. அவர்கள் காலை மடக்கும் வரை நின்றோம். ஒருவர் குனிந்து பார்த்துக் கேட்டார்: "யாரு வண்டிய ஓட்டுற?" "எங்களுதுதாண்ணே." "அட, வாடகைக்கு விடுறதுக்கா?" "இல்லண்ணே, வீட்டுக்கு." அவர் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. காலை மட்டும் மடக்கினார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. காலனிப் பையன் ஸ்டீயரிங் பிடித்தால் அது வேறு யாருடைய காராகத்தான் இருக்கும் என்பது அவர் பார்த்துப் பழகிய உலகம்.

அப்பாவின் பயத்துக்கும் காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்தில் மேலவளவை மறந்தவர் யாரும் இல்லை. 1997 ஜூன் 30 அன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசன் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டு இருந்தபோது, அந்தப் பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் கொன்றார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு என்று அப்பாவின் தலைமுறை நம்புவதற்கில்லை.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள இந்தக் கதை எங்கள் ஊரில் தொடங்கியதும் அல்ல. அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்வில் நடந்தவை என்று தானே எழுதிவைத்த குறிப்புகளில் இரண்டு வண்டிப் பயணங்கள் வருகின்றன. மாணவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதல் பயணம் 1901இல். அப்போது அவர் பத்து வயதுச் சிறுவன். அண்ணனோடும் உறவுச் சிறுவர்களோடும் அப்பாவைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து நிலைய அதிகாரி அன்பாகத்தான் விசாரிக்கிறார். மகர் சாதி என்று தெரிந்ததும் முகம் மாறுகிறது. நிலையத்தில் மாட்டுவண்டிகள் நிற்கின்றன. ஒருவரும் ஏற்றிக்கொள்ள மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் ஒப்புக்கொள்கிறார், ஒரு நிபந்தனையோடு. வாடகை இரண்டு மடங்கு. வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும். வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார். இரவு முழுக்க அந்தப் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

இரண்டாவது பயணம் 1929 அக்டோபரில். இப்போது அவர் பாரிஸ்டர். பம்பாய் அரசு அமைத்த குழு ஒன்றின் உறுப்பினர். சாலிஸ்கான் என்ற ஊருக்கு ரயிலில் வருகிறார். மகர் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போக நிற்கிறார்கள். குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுக்கிறார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறோம், ஓட்டுகிற ஆளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். தங்கள் தலைவர் நடந்து வருவது அவருக்கு மரியாதை இல்லை என்று நினைத்த அந்த மக்கள், தங்களில் ஒருவரையே ஓட்டச் சொல்கிறார்கள். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கம் இல்லை. கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே ஒரு மோட்டார் காரில் மோதப் பார்க்கிறது. பிறகு ஓர் ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கி, அம்பேத்கர் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுகின்றன.

வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்குக் கூட ஒரு பாரிஸ்டர் தீண்டத்தகாதவர்தான் என்பதை அந்தச் சம்பவத்தில் இருந்து அவர் எடுத்துக்காட்டினார். இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதினார். அந்த மக்கள் விருந்தாளியின் பாதுகாப்பைவிட மரியாதையைப் பெரிதாக நினைத்துவிட்டார்கள் என்று. இந்த இரண்டாவது செய்தியை நாம் அதிகம் பேசுவதில்லை. கார் வாங்கிய பிறகுதான் அது எங்கள் மனதில் தைத்தது. மரியாதைக்காக வண்டி ஏறுகிறோம், சரி. ஓட்டத் தெரிந்து ஏறுகிறோமா? அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே பதில் சொல்ல வேண்டிய நாளும் வந்தது.

கார் வந்து ஒரு வருடம் இருக்கும். எங்களில் இளையவன் அன்று ஓட்டினான். லைசென்ஸ் இருந்தது. எட்டு மாதமாக ஓட்டிய அனுபவமும் இருந்தது. காலனிப் பையன்கள் மூன்று பேர் கூட ஏறியிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் இருந்து ஊர்த் தெருவுக்குள் திரும்பியதும், "என்ன மாமா, மாட்டுவண்டி மாதிரி போற, ஸ்விஃப்ட்டா இது?" என்று பின்னால் இருந்து ஒருவன் உசுப்பிவிட்டான். இவன் இரண்டாவது கியரில் அழுத்தினான். டர்போ எழுந்தது. 300 மீட்டர் தெருவில் வேகம் 60ஐத் தொட்டது. ஒரு வீட்டுச் சந்தில் இருந்து வெள்ளாடு ஒன்று குறுக்கே ஓடி வந்தது. பிரேக் போட்டும் நிற்கவில்லை.

ஓடிவிடலாம் என்று பின்சீட்டில் ஒருவன் சொன்னான். இளையவன் ஓடவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றான். அந்த ஒரு காரியத்தை அவன் சரியாகச் செய்தான். ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். "காரு வந்ததும் கொழுப்பு ஏறிப்போச்சு", "சாவியப் புடுங்குடா" என்று சத்தம். செய்தி கேட்டு அப்பா காலனியில் இருந்து வந்தார். வழக்கம் போல மந்தையில் இருந்து நடந்தே வந்தார். ஆட்டுக்காரப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அப்பா முதலில் அந்தப் பாட்டியிடம்தான் போனார். "தாயி, தப்பு எங்க மேலதான். புள்ள வேகமா வந்துட்டான். ஆட்டுக்கு உள்ளத குடுத்துர்றேன்" என்றார். சினை ஆடு. விலையை அங்கேயே பேசி ரூ.9,000 என்று முடிவானது. காலையில் தருவதாகச் சொன்ன அப்பாவை யாரும் நம்பாமல் இருக்கவில்லை. அவர் வாக்கு ஊரில் செல்லும்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஒருவர் முன்னால் வந்தார். "காசெல்லாம் சரி. இனிமே இந்தத் தெருவுல காரு வரக் கூடாது. கண்மாய்க்கரையச் சுத்திப் போகச் சொல்லு" என்றார். இரண்டு மூன்று பேர், "அதான் சரி" என்றார்கள். கண்மாய்க்கரை மண்பாதை. மழை பெய்தால் டிராக்டர் கூட அதில் போகாது.

நாங்கள் அப்பாவைப் பார்த்தோம். முப்பத்தைந்து வருடம் மந்தை முக்கில் இறங்கிய மனிதர். இதற்கும் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தோம். அப்பா துண்டைத் தோளில் இருந்து எடுக்கவில்லை. மெதுவாகத்தான் பேசினார்: "ஆடு எங்களால செத்துச்சு. அதுக்கு நாங்க பொறுப்பு. பாதைய எப்படிங்க விட முடியும்? பஞ்சாயத்து ரோடு. எம் மவன் இனிமே மெதுவாப் போவான். ஆனா இதுலதான் போவான்."

சத்தம் கொஞ்சம் கூடியது. அப்போது அந்தப் பாட்டி எழுந்து சொன்னார்: "எம் ஆட்டுக்குத்தான் காசு வாங்குறேன். தெருவுக்கா வாங்குறேன்? விடுங்கப்பா, அவுக போகட்டும்." கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே விலகியது. அப்பா காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். "எடு தம்பி" என்றார். அன்றுதான் ஊர்த் தெருவில் அவர் வண்டியில் உட்கார்ந்து போனார். பெல்ட் போடத் தெரியவில்லை. மந்தை தாண்டும் வரை இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு பிடித்தபடியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இளையவனை அப்பா அடிக்கவில்லை. "நீ வேகமாப் போனதால இன்னைக்கு அவுகளுக்கு ஒரு வார்த்த பேச எடம் கெடச்சுது. அந்த எடத்த நீ குடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். இளையவன் மூன்று மாதம் சாவியைத் தொடவில்லை.

அன்று அப்பா சொன்னதற்கு நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. 1924இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுத் தெருவிலும் சாலையிலும் நடக்கத் தடையில்லை என்றது. அது அரசாணையாகவும் வந்தது. இன்றைய சட்டம் இன்னும் தெளிவானது. 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 3(1) பிரிவின் கீழ், பொதுச் சாலையையும் பாதையையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, செருப்பு அணிவதையோ, புத்தாடை உடுத்துவதையோ தடுப்பதும் குற்றம். திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வண்டியிலோ ஏறிப் போவதைத் தடுத்தாலும் குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். சைக்கிளும் செருப்பும் ஒரு சட்டத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன என்றால், எத்தனை அப்பாக்கள் எத்தனை முக்குகளில் இறங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படித் தடுத்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கலாம். இந்தச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிய முன் விசாரணை தேவையில்லை. புலன்விசாரணை செய்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். 14566 என்ற இலவச உதவி எண்ணிலும் முறையிடலாம். நாங்கள் அன்று புகார் கொடுக்கவில்லை. பாட்டியின் வார்த்தையே போதுமானதாக இருந்தது. எல்லா ஊரிலும் அப்படி ஒரு பாட்டி எழுந்து நிற்பார் என்று நம்பிக்கொண்டு இருக்க முடியாது. அதனால் சட்டத்தைத் தெரிந்து வைத்திருங்கள்.

ஆட்டுச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சில விதிகள் வந்தன. காலனிப் பையன்களுக்கும் அதையே சொல்கிறோம்.

18 வயது ஆகாமல் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும். அந்த 30 நாளையும் கடனே என்று கழிக்காமல் உண்மையாகவே பழக வேண்டும். 'எச்' போடக் கற்றுக்கொடுத்து முடித்துவிடும் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. ஆனால், சந்தில் பின்பக்கமாக எடுப்பது, மேட்டில் நிறுத்திக் கிளப்புவது, கண்ணாடியைப் பார்த்தே தடம் மாறுவது, ராத்திரியில் எதிர்விளக்கைச் சமாளிப்பது எல்லாம் பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தந்தால்தான் வரும்.

வண்டி பாயும் என்பதற்காகப் பாய்ச்சக் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்கிற தூரம் நான்கு மடங்காகும். இது இயற்பியல் பாடத்தில் உள்ளது, தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம். அன்று இளையவன் 30இல் வந்திருந்தால் அந்த ஆடு பிழைத்திருக்கும். பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். இன்சூரன்ஸ் ஒரு நாள் கூடக் காலாவதி ஆகக் கூடாது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஓட்டுவது குற்றம். அது இல்லாத வண்டியால் ஓர் உயிர் போனால் நம் வீட்டையே விற்றாலும் ஈடு கட்ட முடியாது. மற்றவர்கள் செய்தால் அது விபத்து, நாம் செய்தால் அது சாதிப் பிரச்சினை ஆகிவிடுகிறது. இது அநியாயம்தான். அதைச் சொல்லிக்கொண்டே, நம் பக்கம் தவறு இல்லாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்துக் காலனியில் ஒரு தம்பி தவணையில் புது கார் எடுத்தான். மாதம் ரூ.11,000. வேலை போனதும் ஏழாவது மாதம் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டிய பணமும் போனது, பேச்சும் மிஞ்சியது. வருமானத்துக்காக வண்டி எடுப்பதாக இருந்தால் தாட்கோ அலுவலகத்தை அணுகுங்கள். தொழில்முனைவோர் திட்டத்தில் வங்கிக் கடனோடு 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.3.5 லட்சம் வரை மானியம் உண்டு. அது வாடகை வண்டிக்கு, அதாவது மஞ்சள் பலகைக்கு. வீட்டு உபயோகக் காருக்கு மானியம் இல்லை. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவதும் சட்டப்படி தவறு. எங்கள் காரில் யாரை ஏற்றினாலும் காசு வாங்குவதில்லை.

இந்த வண்டி இதுவரை மூன்று பிரசவத்துக்கு ஓடியிருக்கிறது. ஒருமுறை பாம்பு கடித்த சிறுவனோடு அரசு மருத்துவமனைக்கு ஓடியது. அன்று டர்போ உதவியது. குரூப் 4 தேர்வு நாளில், முதல் பேருந்து வராமல் நின்ற நான்கு பெண் பிள்ளைகளைத் தேர்வு மையத்தில் கொண்டுபோய் விட்டது. பின்சீட்டில் மூன்று பேர், முன்சீட்டில் ஒருவர். வழி முழுக்க அந்தப் பிள்ளைகள் பொது அறிவுக் கேள்விகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார்கள். காலனியில் இப்போது கயிற்றுக் கட்டிலை யாரும் மந்தைக்குத் தூக்குவதில்லை.

வளையலைக் கொடுத்த தங்கை தானும் ஓட்டப் பழகுகிறாள். எங்கள் மூவரில் அவள்தான் நன்றாக ஓட்டுகிறாள் என்று மெக்கானிக் அண்ணனே சொல்லிவிட்டார். கிளட்சைத் தேய்க்க மாட்டாள், தேவை இல்லாமல் ஹார்ன் அடிக்க மாட்டாள். ஊரணிக்கரை மைதானத்தில் செங்கல் வைத்து 'எச்' போட்டுப் பழகும்போது, காலனிச் சிறுமிகள் வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். அடுத்த மாதம் அவளுக்குத் தேர்வு.

போன வெள்ளிக்கிழமை அவள் ஓட்ட, மூத்தவன் பின்னால் இருந்து வழி சொல்ல, அப்பா முன்சீட்டில் இருந்தார் என்று எழுத ஆசைதான். பழகுநருக்குப் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும் என்பது விதி. அதனால் முன்சீட்டில் மூத்தவன், பின்சீட்டில் அப்பா. மந்தை முக்கு வந்ததும் தங்கை வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கைப்பிடியைத் தேடவில்லை. பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, "முன்னாடி பாத்து ஓட்டு த்தா, ஆடு கீடு வரப் போகுது" என்றார்.